கறுப்புக் கை போட்ட பாரிஸ்காரி

உம்மு சல்மாவுக்கு சல்மா என்ற பெயரில் மகள் கிடையாது. கீழக்கரையில் அது ஒரு பெயர், அவ்வளவுதான். வைக்கும்போது யாரும் பொருள் பார்ப்பதில்லை. ஜெத்தாவுக்கு வந்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. அரபியில் அதற்கு 'சல்மாவின் தாய்' என்று பொருள். பெயரைச் சொன்னதும் எந்த அரபுப் பெண்ணும் அடுத்த மூச்சில் சல்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். கொஞ்ச காலம் உம்மு சல்மா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். குழந்தையே இல்லை என்றதும் கேட்டவர்கள் முகம் வாடியது. கையைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினார்கள். மருந்து சொன்னார்கள். ஒருத்தி டிரைவரிடம் ஒட்டகப் பால் கொடுத்தனுப்பினாள். அதைக் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்து எழுந்த பிறகு, அவள் சல்மாவைப் பெற்றுக்கொண்டாள். நான் பழகிய காலத்தில் சல்மா ஊரில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரிதான், கணக்கு மட்டும் வராது.

கணக்கிலும் அவளை நல்ல மார்க் வாங்க வைத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாத்துலயும் நல்லா இருந்தா நம்ப மாட்டாளுவ தங்கச்சி," என்றாள்.

ஷரஃபியாவில், மலையாளி ஹோட்டல்களும் சூட்கேஸ் கடைகளும் நெருக்கியடித்த ஒரு சந்தில் இருந்தது நாங்கள் குடியிருந்த கட்டிடம். கீழே லேடீஸ் டெய்லர் கடை. அதற்கு மேலே இரண்டு அறைகளில் உம்மு சல்மாவும் அவள் கணவர் சதக்கத்துல்லாவும். மூன்றாவது மாடியில் என் அக்கா குடும்பம். எண்பத்தைந்து வாக்கில் நான் அங்கே போய் ஒட்டிக்கொண்டிருந்தேன். துணையில்லாமல் தெருவில் இறங்க முடியாத ஊரில் எனக்கு இருந்த ஒரே போக்கிடம் உம்மு சல்மாவின் தையல் அறை.

ஊருக்குத் திரும்புவது என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஊசி கையில் ஏறிவிடும். கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அவள் வீட்டில் அவளுக்கு மேலே இரண்டு ராத்தாக்கள், அவர்கள் கணவன்மார், அவர்கள் பெற்ற ஒரு பட்டாளம். பிள்ளை இல்லாதவள் என்பதால் எல்லார் பிள்ளைகளும் அவள் பொறுப்பு.

"அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை தெரியுமா? வரிசையா மூக்குத் தொடைக்கிற வேலை. குழம்புக்கு உப்பு பத்தலைன்னு சொல்றதுக்குக்கூட நம்ம முறை வராது. இங்க நான் போடுறதுதான் உப்பு. அவுக வாயத் தொறக்காமத் திங்கிறாக."

சதக்கத்துல்லா எதற்குமே வாயைத் திறக்காதவர். கடையில் அவர்தான் கட்டிங் மாஸ்டர். தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் உள்ளே வரக்கூடாது. வாசலில் ஒரு ஜன்னல், அதில் ஒரு திரை. திரைக்கு அடியில் ஒரு கை வரும். துணியும், ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த படமும், அளவுக்கு ஒரு பழைய உடுப்பும் உள்ளே வந்து விழும். ஆளைப் பார்க்காமல் அந்தப் பழைய உடுப்பை அளந்து அவர் வெட்டுவார். பதினொரு வருடமாக ஜெத்தாப் பெண்களின் விரல்களைத் தவிர வேறெதையும் அவர் கண்டதில்லை. ஆனாலும் மோதிரத்தை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். பெரிய வீட்டுக்காரர்கள் கடைக்கு வரமாட்டார்கள். அங்கெல்லாம் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உம்மு சல்மா போவாள். அவள் அளவெடுத்து வர, அவர் வெட்டி மெஷினில் ஓட்ட, பொத்தான், கொக்கி, மணி, கைவேலை எல்லாம் மறுபடி மாடியில் அவளிடம் வரும்.

சதக்கத்துல்லாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை கடைச் சுவரில் சோப்புக் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதில் குளித்துவிட்டு வந்தமாதிரி ஒரு பெண். சோதனைக்கு வந்த மதக் காவலர்கள் பார்த்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள். கஃபீல், அதாவது இவர்கள் விசாவுக்கும் கடைக்கும் உடையவரான அரபுக்காரர், போய்ப் பேசித் திறக்க வைத்தார். அன்றைக்கு அவர் திட்டிய திட்டில் சதக்கத்துல்லாவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அதிலிருந்து கடைக்குள் எந்தப் படம் வந்தாலும் முதல் வேலையாக அதில் இருக்கிற பெண்ணை மூடுவார். வெண்ணெய் டப்பாவில் பசு மாட்டோடு நின்றவளுக்கு முழுக்கை. பவுடர் டப்பாவின் கைக்குழந்தைக்குக்கூட ஒரு பனியன். மற்ற கடைக்காரர்கள் இருக்கிற இடமெல்லாம் கிறுக்கித் தள்ளுவார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்து, தையல் விழும் இடம் விட்டு, வெட்டினால் அப்படியே தைக்கலாம் என்கிற மாதிரி வரைவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'உடுத்திவிடுறது'.

அந்த வருடம் கஃபீலுக்கு ஒரு யோசனை வந்தது. தையலில் என்ன வரும்படி, இனிமேல் வீடியோ கேசட் காலம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். தையல் கடையைக் காலி செய்துவிட்டு கேசட் கடை வைக்கப்போவதாகவும், சதக்கத்துல்லாவுக்கு வேலை முடிந்தது என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். ஒரு தச்சன் வந்து, கட்டிங் மேசைக்கு மேலேயே ஏறி நின்று, சுவரை அலமாரிக்கு அளந்துகொண்டு போனான். உம்மு சல்மா அன்று குழம்பில் உப்பே போடவில்லை. சதக்கத்துல்லா அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

கஃபீலிடம் 'கூடாது' என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவருடைய மூத்த சகோதரி, மதாம் நவால். அந்த மதாமின் மகளுக்கு மில்க்கா வந்தது. அங்கே நிக்காஹ் எழுதும் விருந்துக்கு அந்தப் பெயர். கல்யாணம் அதற்குப் பிறகு சாவகாசமாக நடக்கும். மதாம், மகளைப் பாரிசுக்கு அழைத்துப்போய் உடுப்புத் தைக்க நினைத்திருந்தார். மாப்பிள்ளையின் உம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்த அம்மாள் உள்நாட்டுப் பக்கத்துக் கட்டுப்பெட்டி. பெண்கள் மட்டும் கூடுகிற விருந்து என்றாலும் மருமகளின் தோள் தெரியக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அதைச் சொல்லித்தான் இரண்டு சம்பந்திகளும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அளவெடுக்கப் போயிருந்த உம்மு சல்மா சண்டை முடியும்வரை கூஜாவிலிருந்து கஹ்வா ஊற்றிக் குடித்தபடி காத்திருந்தாள். முடிந்ததும் சொன்னாள்: பாரிசு எதற்கு மதாம், படம் இருந்தால் போதும், என் மாப்பிள்ளை எந்தப் படத்தையும் தைத்துவிடுவார்.

மதாம் எழுந்து படுக்கையறைக்குப் போய், சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளிருந்த தாளைத் தன் கையாலேயே எடுத்து அட்டைக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார். பாரிசில் ஒரு பெரிய தையல்காரர், ஐம்பதுகளில், தன் கையால் வரைந்த படம். ஆள் இப்போது உயிரோடு இல்லை. மதாம் கல்யாணம் ஆன புதிதில் அங்கே போனபோது வாங்கியது. இந்த உடுப்பு இப்படியே என் மகளுக்கு வேண்டும், பிடித்துப்போனால் கடையைப் பற்றித் தம்பியிடம் நான் பேசுகிறேன் என்றார்.

உம்மு சல்மா அதை முதலில் என்னிடம்தான் காட்டினாள். மை, கொஞ்சம் தண்ணீர்ச் சாயம், அங்கங்கே பென்சில். ஒரு பெண் திரும்பி நிற்கிறாள். முகத்தில் ஒரு புருவமும் உதடும் மட்டும். மற்றதை வரைய அந்த மனிதருக்கு நேரமில்லை போலிருக்கிறது. கழுத்து கொக்கு மாதிரி. இடுப்பில் ஒரு வளையல் போடலாம். தோளும் கையும் வெறுமையாக இருக்க, மார்புக்கு மேலிருந்து வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கவுன் இறங்கி, இடுப்புக்குக் கீழே சட்டென்று விரிந்து, தாளின் ஓரம்வரை போகிறது. மூலையில் ஒரு துண்டுப் பட்டுத் துணி குண்டூசியால் குத்தியிருந்தது. பக்கத்தில் பிரெஞ்சில் ஏதோ குறிப்பு, கீழே வாசிக்க முடியாத கையெழுத்து.

"இவ சோறு தின்னு ஒரு மாசம் இருக்கும்," என்றாள் உம்மு சல்மா. "காலைப் பாரு. எங்க ஊரு லைட் ஹவுஸ் மாதிரி போயிக்கிட்டே இருக்கு. இந்தக் காலுக்கு எத்தனை கெஜம் துணி ஆகும்? நல்லவேளை, மதாம் பொண்ணு குள்ளம்."

சொல்லிவிட்டுப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். எத்தனையோ படங்களைத் தைத்தாயிற்று, ஆனால் ஒரு ஆள் கைப்பட எழுதியது என்று எதையும் அவள் தொட்டதில்லை. கோட்டின் மேல் விரலை வைக்காமல் காற்றிலேயே ஓட்டிப் பார்த்தாள்.

கீழே கொண்டுபோய்க் கட்டிங் மேசையில் வைத்து, துணி எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, உலை வைக்க மாடிக்கு வந்தாள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி, கடைகளின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கும் நேரம். சதக்கத்துல்லா அட்டையைத் திறந்தார். அரை ஷட்டர் இன்னும் திறந்திருக்க, வெளியே ஆட்கள் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருக்க, அவர் மேசை மேல் தோளும் கையும் இல்லாத சட்டையோடு ஒரு வெள்ளைக்காரி.

தொழுகை முடிந்து அவர் படத்தோடு மாடி ஏறி வந்தபோது நான் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஆபத்திலிருந்து தப்பியவரின் களை.

"இப்படியா போட்டுட்டு வருவே புள்ளே? யாராச்சும் எட்டிப் பாத்திருந்தா? நல்லவேளை, உடுத்திவிட்டுட்டேன்."

உம்மு சல்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். பாரிஸ்காரியின் கழுத்தைச் சுற்றி உயரமான கறுப்புக் காலர். தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒட்டிப் பிடித்த கறுப்புக் கை. முடிகிற இடத்தில் புறங்கையின் மேல் கூராக ஒரு முனை வேறு. அவள் அரிசிச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது புத்தகத்துல கிழிச்ச தாளு இல்லைங்க. ஒரு மனுசன் கையால வரைஞ்சது. உலகத்துக்கே இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் படத்தை மறுபடி பார்த்தார். "அப்ப அந்த மனுசனுக்கு வெக்கம் வேணாமா?" என்றார்.

மதாமின் பெயரையும் கேசட் அலமாரியையும் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. விளங்கியதும் எப்போதும் போல வாயை மூடிக்கொண்டார்.

உம்மு சல்மா அழித்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் கறுப்பை அசைக்கவில்லை. சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு முழங்கைப் பக்கம் தேய்த்தாள். கறுப்பு அப்படியே இருக்க, பாரிஸ்காரர் பென்சிலால் போட்ட கோடு மட்டும் கலைந்தது. பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டாள்.

அடுத்த யோசனை கார்மேகம். ராமநாதபுரத்துக்காரர், ஷரஃபியாவில் எந்த ஹோட்டல் போர்டில் பொரித்த கோழி இருந்தாலும் அது அவர் வரைந்தது. அதே அளவில் அதே மாதிரி இன்னொரு படம், கறுப்பு இல்லாமல் வரைந்து தர வேண்டும் என்று அவரிடம் என் அத்தான் மூலம் சொல்லியனுப்பினாள். கார்மேகம் மனம் வைத்து வரைந்தார். ஆனால் முகத்தில் ஒரு புருவமும் உதடும் மட்டும் இருப்பது அவருக்கு அரைகுறை வேலையாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பெரிய கண்களை வைத்து, கன்னத்தைக் கொஞ்சம் உப்ப வைத்து, பசியோடு நின்றவளுக்கு மாரிலும் இடுப்பிலும் தாராளமாகச் சதை போட்டு, தலையில் ஒரு பூவையும் வைத்துவிட்டார். பாரிஸ்காரி பரமக்குடிக்காரி ஆகியிருந்தாள். கையெழுத்து இருந்த இடத்தில் கார்மேகம் ஆர்ட்ஸ் என்று தமிழில் இருந்தது.

அதையாவது வைத்துச் சமாளிக்க முடியுமா என்று நாங்கள் மாடியில் பேசி, முடியாது என்று தீர்மானித்துக் கீழே இறங்கியபோது, அந்தப் படத்துக்கும் சதக்கத்துல்லா முழுக்கை போட்டு முடித்திருந்தார். எதிரே வைத்தால் அவர் கை சும்மா இருக்காது.

உம்மு சல்மா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கார்மேகத்தின் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, மற்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவி மனுசன் கை நல்லாத்தான் இருக்கு," என்றாள் மெதுவாக.

அது உண்மை. வெளிறிய ரோஜா நிறத்தின் மேல் அந்தக் கறுப்பு, யாரோ நினைத்துப் போட்ட மாதிரியே இருந்தது.

அன்று மாலை அவள் கணவரிடம் சொன்னாள்: நீங்கள் உடுத்திவிட்ட மாதிரியே வெட்டுங்கள், கையும் காலரும் கறுப்பு லேசில், கவுனோடு சேர்த்தே தைத்துவிடுங்கள். சதக்கத்துல்லாவுக்கு உயிர் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. அபாயாவுக்கு வைத்திருந்த லேசிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தார். படத்தையும் மதாம் மகளின் அளவு உடுப்பையும் மாறி மாறிப் பார்த்து, லைட் ஹவுஸ் காலைக் குள்ளப் பெண்ணின் காலாக்கி, வளையல் இடுப்பைச் சாப்பிடுகிற பெண்ணின் இடுப்பாக்கி வெட்டினார். தைத்து முடித்து மாடிக்கு அனுப்பியபோது கவுனும் கையும் ஒரே உடம்பு.

மாடியில் உம்மு சல்மா கதவைத் தாழ் போட்டாள். கத்திரியின் நுனியால் அவர் போட்ட தோள் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கறுப்புக் காலரும் கைகளும் தனியாக ஒரு குட்டிச் சட்டையாகக் கழன்று வந்தன. கவுனின் மேல் விளிம்பை மடித்து, தோளில் பிடிமானம் இல்லாமலே நிற்கிற மாதிரி உள்ளே பட்டை கொடுக்க வேண்டும். அதற்கு அவள் எங்கேயும் போகவில்லை. டிவி பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டை சந்து முழுக்கக் கிடந்தது. என்னை அனுப்பி அக்கா மகனிடம் பொறுக்கி வரச் சொல்லி, கழுவி, வெட்டி, துணிக்குள் வைத்துத் தைத்தாள். பிறகு குட்டிச் சட்டையையும் கவுனையும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளால் சேர்த்தாள். போட்டிருந்தால் ஒட்டித் தைத்த மாதிரி. பிடித்து ஒரு இழு இழுத்தால் பாரிஸ்காரர் வரைந்த மாதிரி.

"ரெண்டு படமும் இதுக்குள்ள இருக்கு," என்றாள். "எதைக் கேக்குறாகளோ அதைக் குடுக்கலாம். அவுகட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே தங்கச்சி. கையைக் கழட்டுனேன்னு தெரிஞ்சா, கை போட்டது வீணாப் போச்சேன்னு படுத்துருவாக."

மதாமின் டிரைவர் வந்தபோது துணைக்கு என்னையும் அழைத்தாள். உடுப்புப் பெட்டி என் மடியில். படத்தின் அட்டை அவள் மடியில். வழி நெடுக என்ன பொய் சொல்லலாம் என்று எனக்குக் கேட்கும்படியாகவே யோசித்துக்கொண்டு வந்தாள். கடையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது என்றாள். அதில் கறுப்பு எப்படி வரும் என்றேன். சல்மா எடுத்துக் கிறுக்கிவிட்டாள் என்றாள். சல்மா கீழக்கரையில் அல்லவா இருக்கிறாள் என்று ஞாபகப்படுத்தினேன். "அவளைக் கொண்டாந்திருக்கணும்," என்று முணுமுணுத்தாள்.

மதாம் உடுப்பைக் கேட்கவில்லை. கையை நீட்டிப் படத்தைத்தான் கேட்டார். அட்டையைத் திறந்து பார்த்தார். முழங்கைப் பக்கம் கலைந்திருந்த இடத்தை மதாம் நகத்தால் தடவினார். யார் செய்தது என்று கேட்டார்.

நான் உம்மு சல்மாவைப் பார்த்தேன். வழியில் யோசித்ததெல்லாம் அவள் வாய்வரை வந்து திரும்பிப்போவது தெரிந்தது.

"என் மாப்பிள்ளை," என்றாள் தன் உடைந்த அரபியில். "பயம், மதாம். வேற ஒண்ணும் இல்லை."

மதாம் பக்கத்தில் இருந்த டெலிபோனை எடுத்துச் சுழற்றத் தொடங்கினார். தம்பியின் நம்பர். உம்மு சல்மா தரைவிரிப்பின் பூவைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதடு அசைந்தது. ஓதுகிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, ஊருக்கு எடுத்துப்போக மெஷினை எப்படிப் பெட்டி கட்டுவது என்று யோசித்தாளாம்.

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. வேலைக்காரப் பெண் ஓடி வந்து மாப்பிள்ளையின் உம்மா வந்திருப்பதாகச் சொல்லி முடிக்குமுன் அந்த அம்மாளே உள்ளே வந்துவிட்டார். உடுப்பு வரப்போகும் செய்தி எப்படியோ எட்டியிருக்கிறது. கட்டையான உருவம், கையில் ஒரு தடி. முகத்திரையைத் தூக்கிவிட்டு மதாமின் கன்னத்தில் முத்தமிட்டு உட்கார்ந்தவர், சோபாவில் கிடந்த படத்தைப் பார்த்தார். எடுத்து, கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுபோனார்.

"அந்த பிரெஞ்சுக்காரன் போட்ட படம் இதுதானா?" என்று கேட்டார்.

மதாம் ரிசீவரைக் காதில் வைத்தபடி ஆமாம் என்று தலையசைத்தார்.

"அவன் தோளைத் திறந்து வரைந்திருக்கிறான் என்று நீதானே சொன்னாய்? பார், கழுத்துவரை மூடியிருக்கிறான். அல்லாஹ் அவனுக்கு நற்கூலி கொடுக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத வெட்கம் அவனுக்கு இருந்திருக்கிறது."

ரிசீவரிலிருந்து கஃபீலின் "அலோ, அலோ" எனக்கே கேட்டது. மதாம் சம்பந்தியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கடைசியில் உம்மு சல்மாவைப் பார்த்தார்; ஒரு நிமிடம் போல இருந்தது. பிறகு போனில், சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். கறுப்புக் காலருக்கு மேலே அந்தக் குள்ளப் பெண்ணின் கழுத்துக்கூட ஒரு விரல் நீண்டது போலிருந்தது. சம்பந்தியம்மாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். லேசைத் தடவினார். தோள் தையலை இரண்டு விரலால் பிடித்தார். கொக்கி பிடித்துக்கொண்டது. மாஷா அல்லாஹ் என்று சொல்லி, பேரீச்சம்பழம் தின்று, பாரிசுக்குப் போவதை நான் தடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார் என்று மதாமுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

கார் சத்தம் தேய்ந்ததும் உம்மு சல்மா மகளின் பின்னால் போய் நின்று, ஒரு இழு இழுத்தாள்.

கறுப்பு மொத்தமும் அவள் கையோடு வந்தது. ரோஜா கவுன் மட்டும் நின்றது. அந்தப் படத்தில் மார்க்கர் படுவதற்கு முன்னால் இருந்தமாதிரியே. மகள் கண்ணாடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மதாம் சிரிக்கவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: "திரும்பப் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

மில்க்கா அன்று என்ன நடந்தது என்பதை மகளே பிறகு சொன்னாள். மார்க்கர் போட்ட படம், சட்டத்துக்குள் திரும்பப் போய், எல்லாரும் வருகிற வழியில் சம்பந்தியம்மாள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டப்பட்டிருந்தது. அவரும் தன் பக்கத்துப் பெண்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து, பிரெஞ்சுக்காரனின் ஒழுக்கத்தைக் காட்டினாராம். முழங்கால் வலியென்று அவர் சாப்பாடு ஆனதும் கிளம்பிவிட்டார். தஃப் அடிக்கிற பெண்கள் அடுத்த பாட்டைத் தொடங்குவதற்குள் மகள் ஒரு கதவுக்குப் பின்னால் போய் வேறொரு ஆளாகத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு கடை ஜன்னலில் திரைக்கு அடியில் விரல்கள் வரிசையாக வரத் தொடங்கின. எல்லாருக்கும் அந்தப் பாரிஸ் கை வேண்டும். சதக்கத்துல்லா கறுப்பு லேசைக் கட்டுக் கட்டாக இறக்கினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாய் திறந்தது. பிரெஞ்சுக்காரர் நல்ல கைகாரர்தான், பாதியில் விட்டுவிட்டார், அவ்வளவுதான் என்று மலையாளி ஹோட்டலில் சாயா குடிக்கும்போது சொல்வாராம். எல்லாக் கைகளையும் அவர் கவுனோடு சேர்த்துத்தான் தைத்தார். எல்லாவற்றையும் உம்மு சல்மா மாடியில் பிரித்துக் கொக்கி வைத்தாள். உள்ளே இருந்த பெண்களுக்கு எது வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் மதாம் படத்தை மறக்கவில்லை. மில்க்கா முடிந்து, உம்மு சல்மா வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் அளவு கொடுத்தார், கஹ்வா கொடுத்தார். எப்போதும் கேட்கிற சல்மாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஒரு தடவை உம்மு சல்மா தானாகவே பேச்சை எடுத்து, சல்மாவுக்குக் காய்ச்சல் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். மதாம் ஜன்னலைப் பார்த்தார். இங்கே ஷரஃபியாவில் தச்சன் மறுபடி வந்து, பலகைகளைக் கொண்டுவந்து கடை வாசலில் சாய்த்துவிட்டுப் போனான். பலகைகள் அங்கேயே கிடந்தன. உள்ளே வருமா, திரும்பிப் போகுமா என்று யாரும் சொல்லவில்லை. உம்மு சல்மா சாமான்களைத் துணியில் சுற்றி வைப்பாள். பிறகு ஒரு கரண்டிக்காக எல்லாவற்றையும் அவிழ்ப்பாள்.

அப்படி இருந்தபோது ஒரு நாள் மதாம் பெருநாள் உடுப்புக்கு அளவு கொடுக்கக் கூப்பிட்டனுப்பினார். நானும் போயிருந்தேன். உம்மு சல்மா நாடாவை அவர் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள். மதாம் நேரே பார்த்தபடி, தம்பி கேசட் கடையை வேறு தெருவில் பார்த்துக்கொள்வான், பலகைகளை எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன் என்றார். கொஞ்சம் பொறுத்து, அதே குரலில் கேட்டார்.

"சல்மா கணக்கில் தேறினாளா?"

நாடா உம்மு சல்மாவின் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது அவள் முகம் முழுக்கப் பல்.

"தேறிட்டா மதாம். முதல் மார்க்கு."

காரில் ஏறி உட்கார்ந்ததும் அபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"போனதும் முதல் வேலையா அவளை எட்டாவதுல சேக்கணும்," என்றாள். "மறந்துட்டா ஞாபகப்படுத்து."